பதினெட்டரை மணி நேரம் என்பது எத்தனை மணி நேரம்?

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் விமானப் பயணம். குறிப்பாக, சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரமும், அதைக் கடக்க ஆகும் நேரமும். இதில் பேச என்ன இருக்கிறது, பயணச்சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அச்சிட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு காரியம் செய்ய வேண்டிய நாள் வரும்போதுதான் அதன் பொருள் என்ன என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜூன் மாதம், காலை 9 மணி. அங் மோ கியோவில் நான்காம் மாடி வீடு ஒன்றில் பெரியவர் ஒருவர் காலமாகிவிடுகிறார். மூத்த மகன் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். இளைய மகனுக்கு நியூயார்க்கில் வேலை. அண்ணன் தொலைபேசியில் அழைக்கும்போது அங்கே வியாழக்கிழமை இரவு 9 மணி. அழுகை சற்று ஓய்ந்ததும் இரு பக்கத்திலும் எழும் முதல் கேள்வி ஒன்றுதான். எப்போது வந்து சேர முடியும்?

வீட்டில் கூடியிருக்கும் உறவினர்களில் விவரம் தெரிந்த ஒரு மாமா உடனே விரல்விட்டு எண்ணுகிறார். "நேரடி விமானம் இருக்குல்ல? பதினெட்டரை மணி நேரம். இப்ப மணி ஒன்பது. விடியக்காலை மூன்றரை, நாலுக்கெல்லாம் சாங்கியில இருப்பான். நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுத்துடலாம்." மண்டாய் தகனச்சாலையில் சனிக்கிழமை பிற்பகலுக்கு நேரம் கேட்கிறார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட ஆள் சொல்லியாகிறது. நாளிதழுக்கு மரண அறிவித்தல் எழுதப்படுகிறது.

மாமாவின் கூட்டலில் பிழை இல்லை. ஆனாலும் அந்த மகன் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சிங்கப்பூரில் இருக்கமாட்டார். ஏன் என்று பார்க்க, தூரத்திலிருந்து தொடங்குவோம்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கோடு போடச் சொன்னால் பிள்ளைகள் இந்தியா, அரபு நாடுகள், அட்லாண்டிக் கடல் என்று மேற்கு நோக்கிப் போடுவார்கள். சிலர் பசிபிக் கடல் வழியே கிழக்கு நோக்கிப் போடுவார்கள். இரண்டுமே குறுக்குவழி அல்ல. பள்ளியில் இருக்கும் உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டியே போய், அந்தப் பக்கம் இறங்கும். அதுதான் ஆகக் குறுகிய வழி.

காரணம் மிக எளிது. சிங்கப்பூர் கிழக்கே ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க் மேற்கே 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. பூமியின் நேர் எதிர்ப்பக்கம் என்றால் 180. ஆக, துருவத்தின் இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் மற்றோர் ஊர். சாங்கியிலிருந்து துருவத்துக்கு ஏற 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு இறங்க 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318 கிலோமீட்டர். சாங்கிக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சொல்லப்படும் தூரம் 15,349 கிலோமீட்டர். தொடக்கப்பள்ளிக் கணக்குக்கும் விமான நிறுவனத்தின் கணக்குக்கும் வெறும் 31 கிலோமீட்டர்தான் வேறுபாடு. அதுவும் எண்களை வட்டமாக எடுத்துக்கொண்டதால் வந்தது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் செய்து பார்க்கச் சொல்லலாம்.

15,349 கிலோமீட்டர் எவ்வளவு பெரியது? சென்னைக்குப் பறப்பது ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே 20,000 கிலோமீட்டர்தான். சிங்கப்பூருக்கு நேர் எதிரே, அந்த 20,000 கிலோமீட்டரில் இருப்பது ஈக்வடோர் நாட்டுக் காடு. அங்கே போக வேண்டிய வேலை நம்மில் பலருக்கு வராது. ஆக, பிள்ளைகளைப் படிக்கவும் வேலை பார்க்கவும் அனுப்பும் ஊர்களில் நியூயார்க்கைவிடத் தொலைவானது என்று சொல்ல அதிகம் இல்லை.

இனி நேரம். பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 15,349ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் பதினெட்டு, பதினெட்டரை. பயணச்சீட்டில் அச்சிடுவது இந்த நேரத்தைத்தான். விமானம் ஒரு வாயிலை விட்டுப் பின்னே நகர்ந்ததிலிருந்து, அடுத்த ஊரில் வாயிலில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம்.

ஆனால் விமானம் அந்த நூல் போன வழியே போவது குறைவு. மேலே காற்று இருக்கிறது. ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் காற்று. சில நாள்களில் மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம்கூட இருக்கும். அதற்கு எதிரே போகிற விமானம் எரிபொருளைக் கொட்டி அழ வேண்டும். கூடவே போகிற விமானத்துக்கோ அது இலவசச் சவாரி. எனவே சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா, கனடா வழியாகப் போகிறது. தூரம் கூடினாலும் நேரம் குறைகிறது. திரும்பி வரும்போது சில நாள்கள் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பாவைத் தாண்டி, இந்தியா பக்கமாக வருகிறது. அதுவும் கிழக்கு நோக்கித்தான். அப்படிப்பட்ட நாளில் போய் வந்த பயணி, தமக்கே தெரியாமல் உலகை ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்.

காற்றின் பலம் எவ்வளவு என்பதற்கு 2020ஆம் ஆண்டில் நடந்த இரண்டு பயணங்களைச் சொல்லலாம். பிப்ரவரியில் 'சியாரா' என்ற புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்த மாதம் கொரோனா தொற்றின் காரணமாக அமெரிக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வழியில்லாமல் போனபோது, ஏர் தஹிதி நுயி நிறுவனத்தின் விமானம் ஒன்று பசிபிக் தீவான தஹிதியிலிருந்து பாரிசுக்கு எங்கும் நிற்காமல் பறந்தது. 15,715 கிலோமீட்டர். சிங்கப்பூர்-நியூயார்க்கைவிட 366 கிலோமீட்டர் அதிகம். ஆனால் எடுத்துக்கொண்ட நேரம் 16 மணி நேரத்துக்கும் குறைவு. தூரம் அதிகம், நேரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் குறைவு. தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

காற்று மட்டுமல்லாமல் அரசியலும் நேரத்தை நீட்டும். 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்ட பிறகு ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. பின்லாந்தின் ஃபின்ஏர் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரம்போல் பறந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வட துருவத்தைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது அது 13 மணி நேரமானது. ஊர்கள் நகரவில்லை. வழிதான் அடைபட்டது.

இந்தச் சாங்கி-நியூயார்க் நேரடிச் சேவைக்கும் ஒரு கதை உண்டு. பலர் அது எப்போதும் இருந்து வந்ததாக நினைக்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதைத் தொடங்கியது 2004 ஜூன் 28. நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் விமான நிலையத்துக்கு, நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில். 181 இருக்கைகள். அந்த விமானத்தில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. நடுவழியில் பயணி ஒருவர் இறந்துபோனால் உடலை மரியாதையாக வைத்துக் கொண்டுவர ஒடுங்கிய தனி இடம் ஒன்று. அத்தனை மணி நேரம் கடலுக்கும் பனிக்கும் மேலே பறக்கும்போது நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது அல்லவா? அப்போது இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. கேலிக்கு உரியதாகத் தெரியவில்லை. இத்தனை நீண்ட பயணத்தில் என்னென்ன நேரலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அந்தச் சேவையை வீழ்த்தியது எரிபொருள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பயணச்சீட்டின் விலை, இருக்கைகளின் எண்ணிக்கை, சேவை நீடிக்குமா நின்றுவிடுமா என்பது எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னைக்குப் போகும் விமானம் நான்கு மணி நேரத்துக்கான எரிபொருளும் அவசரத்துக்குக் கொஞ்சமும் ஏற்றிக்கொண்டால் போதும். நியூயார்க் விமானம் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட எரிபொருளைச் சுமக்க வேண்டும். எரிபொருளுக்கு எடை உண்டு. அந்த எடையைத் தூக்கவே எரிபொருள் வேண்டும். பத்தாவது மணி நேரத்தில் எரிக்கப் போகிற எண்ணெயை, முதல் பத்து மணி நேரமும் சுமந்துகொண்டு போக வேண்டும். பாலைவனத்தில் போகிறவன் முதுகில் இருக்கும் தண்ணீர்க் குடத்தைச் சுமக்கும் களைப்பில் பாதித் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதுபோல. நடுவில் ஒரு முறை இறங்கி நிரப்பிக்கொண்டால் இந்த வீண் சுமை குறையும். நேரமோ கூடும்.

2004இல் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்று சுமார் 40 அமெரிக்க டாலர். 2008 ஜூலையில் அது 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டில் அந்த விமானம் முழுக்க வர்த்தக வகுப்பாக மாற்றப்பட்டது. 181 இருக்கைகள் இருந்த இடத்தில் 100. வசதி உள்ளவர்கள் மட்டும் பறந்தார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானமே கிடையாது.

மீண்டும் தொடங்கியது 2018 அக்டோபர் 11 இரவு. இம்முறை இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900 யூஎல்ஆர் விமானம். அன்று இரவு 11.37க்குச் சாங்கியை விட்டுக் கிளம்பிய விமானம் மறுநாள் நியூயார்க் நேரப்படி காலை 5.29க்கு நெவார்க்கில் இறங்கியது. 17 மணி 52 நிமிடம். கெட்டியான உலோகத்துக்குப் பதில் எடை குறைந்த கரிம இழைப் பொருளால் உடற்பகுதியும் இறக்கையும். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். முழுக்க நிரப்பினால் எரிபொருளின் எடை மட்டும் சுமார் 130 டன். விமானம் எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 280 டன். ஏறக்குறைய பாதி வெறும் எண்ணெய். மீதிப் பாதியில்தான் விமானம், மனிதர்கள், பெட்டிகள், சாப்பாடு எல்லாம்.

அதனால்தான் இருக்கைகள் 161 மட்டும். வர்த்தக வகுப்பு 67, சிறப்புச் சிக்கன வகுப்பு 94. அதே நிறுவனத்தின் சாதாரண ஏ350 நெடுந்தொலைவு விமானத்தில் 253 இருக்கைகள். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்த விமானத்தில் சாதாரணச் சிக்கன வகுப்பு கிடையாது. எடைக் கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது புரிகிறது. ஆனாலும் அதன் விளைவு என்ன? ஆக விரைவாக ஊர் வந்து சேர வேண்டிய வேளையில், ஆக விரைவான வழி ஆக விலை கூடிய வழியாகவும் இருக்கிறது. முதல் நாள் இரவு வாங்கும் சீட்டுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பிறகு 2020 நவம்பர் 9 அன்று ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. தொற்றுக் காலத்தில் நின்றுபோன நெவார்க் சேவை 2022 மார்ச்சில் திரும்பியது. ஒரே நகரத்தின் இரு பக்கத்து நிலையங்கள். சாங்கியிலிருந்து அளந்தால் இரண்டுக்கும் தூர வேறுபாடு 5 கிலோமீட்டர். இங்கே அங் மோ கியோவுக்கும் ஈசூனுக்கும் உள்ள தூரம்போல.

சரி, உலகத்தில் ஆக நீண்ட நேரம் பயணிகளைச் சுமந்து பறந்த சேவை இதுதானா என்றால், இல்லை. அதற்கு எண்பது ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். அந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு, சோகமான பங்கு.

1935 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. பன்னிரண்டரை நாள் பயணம். சிங்கப்பூர் அந்த வழியில் ஒரு முக்கியமான நிறுத்தம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அந்த வழி அறுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே அவசரக் கடிதங்கள் போக வழியில்லை. என்ன செய்தார்கள்? 1943 ஜூலை முதல் குவாண்டாஸ் நிறுவனம் 'கட்டலினா' என்ற நீர்மேல் இறங்கும் விமானங்களை மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலின் குறுக்கே நேராக இலங்கைக்கு ஓட்டியது. காலிக்கு அருகில் உள்ள கொக்கல ஏரியில் இறங்கும். சுமார் 5,650 கிலோமீட்டர்தான். ஆனால் 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. இடையில் இறங்க ஓர் இடம் கிடையாது. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியில் பேசக்கூடாது. விண்மீன்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக அந்த ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே வைத்தார்கள். ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோகிராம் கடிதங்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று அதற்குப் பெயர். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒன்றுகூடக் கடலில் விழவில்லை.

அதே குவாண்டாஸ் 2022இல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்க 12 ஏ350-1000 விமானங்களை வாங்குவதாக அறிவித்தபோது, அந்தப் பழைய நினைவில்தான் திட்டத்துக்குச் 'சூரியோதயம்' என்று பெயர் வைத்திருந்தது. அது 17,000 கிலோமீட்டர், சுமார் இருபது மணி நேரம். அதற்கு முன்னோட்டமாக 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேரை ஏற்றிக்கொண்டு 19 மணி 16 நிமிடம் பறந்து பார்த்தார்கள். உடம்பு என்ன ஆகிறது, தூக்கம் என்ன ஆகிறது என்று அளந்தார்கள்.

உடம்பு என்றதும் ஒரு வார்த்தை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. பயப்பட வேண்டாம், அப்படியும் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் பதினெட்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது யாருக்கும் நல்லதல்ல. ஓட்டுநர்களே நான்கு பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள், படுத்து எழுகிறார்கள். பயணி மட்டும் ஏன் கட்டிப்போட்டதுபோல் இருக்க வேண்டும்? எழுந்து நடக்கலாம். தண்ணீர் குடிக்கலாம்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். மாமாவின் கணக்கைக் கவிழ்த்ததில் இதற்கும் பங்கு உண்டு. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னே. மற்ற மாதங்களில் 13 மணி நேரம். இங்கிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறவர் மறுநாள் காலை ஆறு மணி வாக்கில் நியூயார்க்கில் இறங்குவார். கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு மணி நேரப் பயணம்போல இருக்கும். உடம்புக்குத்தான் உண்மை தெரியும். திரும்பும்போது கடிகாரம் பழி வாங்குகிறது. வெள்ளி இரவு பத்தரைக்கு அங்கே ஏறினால் இங்கே இறங்குவது ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு மேல். சனிக்கிழமை என்று ஒரு நாளே இருந்ததாகத் தெரியாது.

மறுபடியும் அங் மோ கியோ வீடு. இளைய மகனுக்குச் செய்தி கிடைத்தபோது அங்கே வியாழன் இரவு 9 மணி. கென்னடி நிலையத்திலிருந்து இரவு விமானம் பத்தரை வாக்கில் கிளம்பும். ஒரு மணி நேரம் முன்பே பதிவை மூடிவிடுவார்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரம். கடப்பிதழைத் தேடி எடுக்கவே கை நடுங்கும் நேரம் அது. அந்த விமானம் போய்விட்டது. அடுத்தது, மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் நெவார்க்கிலிருந்து. சிங்கப்பூரில் அப்போது வெள்ளி இரவு 10 மணி. மாமா எண்ணத் தொடங்கிய காலை ஒன்பது மணிக்கும் இதற்கும் இடையே பதின்மூன்று மணி நேரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதன் பிறகுதான் அந்தப் பதினெட்டரை தொடங்குகிறது. சனிக்கிழமை மாலை நாலரை, நாலே முக்காலுக்குச் சாங்கியில் இறங்குவார். குடிநுழைவு, பெட்டி, டாக்சி. வீட்டு வாசலில் கால் வைக்கும்போது மணி ஆறு.

ஆக, பதினெட்டரை மணி நேரம் என்பது அன்றைக்கு 33 மணி நேரம். இரண்டு மணிக்கு எடுத்திருந்தால், மண்டாயில் எல்லாம் முடிந்து, எல்லாரும் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குத்தான் அவர் வந்திருப்பார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே துயரச் செய்தி ஏழு மணி நேரம் முன்னதாக, அதாவது வெள்ளி அதிகாலை 2 மணிக்குப் போயிருந்தால், நியூயார்க்கில் வியாழன் பிற்பகல் 2 மணி. இரவு விமானத்தைப் பிடிக்க நேரம் இருக்கிறது. சனி காலை ஐந்தேகாலுக்கெல்லாம் சாங்கியில் இருப்பார். மரணம் ஏழு மணி நேரம் முந்தினால், மகன் பதினொரு மணி நேரத்துக்கு மேல் முந்துகிறார். நாளுக்கு இரண்டு விமானம் மட்டுமே ஓடும் வழியில் கணக்கு இப்படித்தான் வரும்.

நேரடி விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டவில்லை என்றால், ஐரோப்பாவில் ஓரிடத்தில் இறங்கி வரும் விமானம். அது 22 முதல் 24 மணி நேரம். வெள்ளி இரவு எட்டு மணிக்கு அங்கே ஏறினால் ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் இங்கே. இஸ்லாமியக் குடும்பங்களில் ஒரு நாளைக்குள் நல்லடக்கம் செய்வது வழக்கம். அவர்களுக்கு இந்தக் காத்திருப்புக்கே இடமில்லை. இந்துக் குடும்பங்களில் காத்திருப்பதா இல்லையா என்பதைப் பெரியவர்கள் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். உடலைப் பதப்படுத்தி வைக்கும் செலவு, நாள் நட்சத்திரம், வெளியூர் உறவினர்களின் விடுப்பு என்று அந்தப் பேச்சில் பலதும் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளை இறங்கும் நேரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பயண முகவரிடமோ விமான நிறுவனத்திடமோ கேட்கும்போது, "எத்தனை மணி நேரம்" என்று கேட்பதில் பயனில்லை. "அடுத்த விமானத்தில் இடம் இருக்கிறதா, அது சிங்கப்பூர் நேரப்படி எந்த நாள், எத்தனை மணிக்கு இறங்கும்" என்று கேட்க வேண்டும். மண்டாய்க்குத் தொலைபேசி எடுப்பது அதற்குப் பிறகு.

அந்த வீட்டில் மூத்த மகன் அப்படித்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமாவும் தம் கணக்கை விட்டுக்கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை 11 மணி என்று மாற்றினார்கள். நெவார்க் விமானம் தவறினாலும் ஐரோப்பா வழியாகவாவது வந்து சேர்ந்துவிடலாம் என்பதற்காக. நாளிதழுக்கு அனுப்பிய அறிவித்தலையும் திருத்தினார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணி. அம்மா இன்னும் சாப்பிடவில்லை. பேரன் கைத்தொலைபேசியில் விமானம் போகும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"இப்ப எங்கப்பா வந்திருப்பான்?"

"வங்காள விரிகுடாவுக்கு மேல, பாட்டி. சித்தப்பா இறங்க இன்னும் மூணு மணி நேரம்."